அயல்நாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி: நேர்காணலில் கேட்கப்படுவது என்ன?

(ஜமாஅத் கல்விக் குழுவின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றோர் ஆண்டுதோறும் கூடி வருகின்றனர். அவர்களுள் பெண்மக்களே மிகுதி. பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பின் அடுத்து என்ன என்று கேட்டு வந்தோர் உண்டு. வெளிநாட்டு வேலைக்கென முகவரிடம் முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் ஆலோசனை கேட்டு வந்தோரும் உண்டு. ஆகவே, நற்பெயர் பெற்ற நிறுவனங்கள் ஆங்கில ஆசிரியர்களை எவ்வாறு தெரிவு செய்கின்றன என்பதை மட்டும் இன்று பேச விழைகிறேன்.

பிரிட்டிஷ் கவுன்சிலை எடுத்துக்கொள்வோம். 1934இல் தொடங்கப்பட்டு, 1940இல் அரச சாசனம் பெற்ற நிறுவனம் அது. பல நாடுகளில் சொந்தமாகக் கற்பித்தல் மையங்களை நடத்துகிறது. அதன் ஆசிரியர் பணி அறிவிப்புகளில் பெரும்பாலானவை மூன்றைக் கேட்கின்றன: ஒரு பட்டம், ஆங்கிலம் கற்பிப்பதற்கான தகுதிச் சான்றிதழ், அச்சான்றிதழ் பெற்ற பின்னர் ஏறத்தாழ இரண்டாண்டுக் கற்பித்தல் அனுபவம். எந்தப் பாடத்தில் பட்டம் என்பதை விடச் சான்றிதழே அங்கு எடை மிக்கது. எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவருக்கு இது வியப்பாக இருக்கலாம். இலக்கியம் அறிந்திருப்பது வேறு, மொழியைக் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறு என்பது அவர்கள் கொள்கை. அதில் நியாயம் உண்டென்றே நான் கருதுகிறேன்.

அச்சான்றிதழ்களில் பரவலாக ஏற்கப்படுபவை இரண்டு. ஒன்று, கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. மற்றொன்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டிசோல். செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. முழுநேரமாகப் பயின்றால் நான்கைந்து வாரங்களில் முடியும். நான்கு எழுத்துப் பணிகள் தரப்படும். இவை அனைத்தையும் விட முக்கியமானது, ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்த வேண்டும் என்பதாகும். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பிடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘120 மணி நேர ஆங்கில ஆசிரியர் சான்றிதழ், சில ஆயிரம் ரூபாய் மட்டும்’ என்னும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். எண் மட்டும் அதே 120. மாணவரும் இல்லை, மதிப்பிடுபவரும் இல்லை. பெரிய நிறுவனங்கள் சான்றிதழைக் கையில் வாங்கியதும் கேட்பது, கண்காணிக்கப்பட்ட கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதே. அதற்கு விடை இல்லையெனில் விண்ணப்பம் அத்துடன் நின்றுவிடும்.

இனி நேர்காணல். நம் பிள்ளைகள் இதற்கென உச்சரிப்பைத் தீட்டிக்கொள்கின்றனர். கடினமான சொற்களை மனப்பாடம் செய்கின்றனர். தெளிவான ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர்காணலின் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது. ‘ஒரு பாடம் நீங்கள் திட்டமிட்டவாறு நடக்காத ஒரு தருணத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். ‘நான் பொறுமையுள்ளவன், மாணவர்களை நேசிப்பவன், அத்தகைய நிலையில் அன்புடன் விளக்குவேன்’ என்று விடை சொன்னால் மதிப்பெண் விழாது. அவர்கள் தேடுவது ‘செய்வேன்’ என்பதை அன்று, ‘செய்தேன்’ என்பதை.

நல்ல விடை எப்படி இருக்கும்? ஒருவர் இவ்வாறு சொல்வதாக வைத்துக்கொள்வோம்: ‘எட்டாம் வகுப்பில் 42 மாணவர்கள். இருவர் இருவராக ஆங்கிலத்தில் உரையாடச் சொன்னேன். பின்வரிசையினர் தமிழிலேயே பேசி முடித்துவிட்டனர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசத் தேவையே எழவில்லை என்பது புரிந்தது. மறுநாள் ஒருவனுக்கு ஒரு கடைத்தெருப் படமும், மற்றவனுக்கு அதே படத்தைச் சில மாற்றங்களுடனும் கொடுத்தேன். படத்தைக் காட்டாமல், ஆங்கிலத்தில் கேட்டே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். தேவையான ஆறு வாக்கியங்களை முன்னதாகக் கரும்பலகையில் எழுதிப் பழக்கினேன். அன்று பெரும்பாலோர் பேசினர்.’ நிலைமை, செய்தது, விளைவு ஆகிய மூன்றும் இதில் உள்ளன. இதை இட்டுக்கட்டிச் சொல்ல இயலாது. இரண்டாவது துணைக்கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

மொழியறிவையும் சோதிப்பார்கள். ‘ஐ லிவ்டு இன் மஸ்கட் ஃபார் டென் இயர்ஸ்’, ‘ஐ ஹேவ் லிவ்டு இன் மஸ்கட் ஃபார் டென் இயர்ஸ்’ என்னும் இரு வாக்கியங்களின் வேறுபாட்டை மாணவருக்கு எவ்வாறு உணர்த்துவீர்கள் என்று கேட்கலாம். இலக்கணப் பெயர்களை அடுக்கிவிட்டு, ‘புரிந்ததா?’ என்று வினவுவது நம் வழக்கம். வகுப்பே ‘புரிந்தது’ என்று முழங்கும். ஒருவருக்கும் புரிந்திராது. பயிற்சி பெற்ற ஆசிரியர், ‘இவர் இப்போதும் மஸ்கட்டில் இருக்கிறாரா?’ என்று கேட்பார். முதல் வாக்கியத்திற்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் பொருள் சென்று சேர்ந்துவிட்டது. நம் தமிழிலும் ‘பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்’, ‘பத்து ஆண்டுகளாக வாழ்கிறேன்’ என்ற வேறுபாடு உள்ளதல்லவா! அதை எடுத்துக்காட்டத் தெரிந்த ஆசிரியர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இருமடங்கு பயனுடையவர். மக்தபில் உஸ்தாது அவர்களும் ‘புரிந்ததா’ என்று கேட்பதில்லை; ஒவ்வொரு பிள்ளையையும் அருகழைத்து, ‘ஓதிக் காட்டு’ என்கிறார்கள். புதியதாகச் சொல்லப்படும் முறை நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றிய கேள்வியும் உறுதியாக வரும். காவல்துறை நற்சான்று, முந்தைய பணியிடத்தில் விசாரணை ஆகியவற்றின் பின்னரே நியமனம் உறுதியாகும்.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தகுதி இருந்தும் கடவுச்சீட்டே தடையாவதுண்டு. தென் கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே வழங்குகிறது. ஆயினும், இந்தியாவுடன் செய்துகொண்டு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தில், ஆங்கில ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர் துணை ஆசிரியராகச் செல்ல வழி வைக்கப்பட்டுள்ளது. நம் பி.எட். பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆகவே விண்ணப்பிக்குமுன் அந்நாட்டு விசா விதியை முதலில் படியுங்கள். கணவருடன் வளைகுடாவில் வாழும் சகோதரிகளுக்கு வேறொரு வாயில் உண்டு. இத்தகைய நிறுவனங்கள் அங்கேயே வசிப்போரையும் உள்ளூர் நியமனமாக எடுப்பதுண்டு. குடும்ப விசாவில் இருப்போர் அந்நாட்டுச் சட்டப்படி பணி அனுமதி பெற்றாக வேண்டும்.

சான்றிதழ்களுக்கு அரசு மேலொப்பம் பெறும் வேலையையும் கடைசி வாரத்திற்கு ஒத்திவைக்காதீர்கள். இந்தியாவில் அப்போஸ்டில் உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தது. சவூதி அரேபியாவில் அது 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் சேராத நாடுகளுக்குத் தூதரக ஒப்பமும் தேவை.

முகவர்களைப் பற்றி ஒரு சொல். நற்பெயர் பெற்ற நிறுவனம் வேலைக்காக விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. இடையில் முகவர் இருப்பின், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுப்போர், கொடுக்குமுன் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

நிறைவாக நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். அனுபவமின்றிப் பணி இல்லை, பணியின்றி அனுபவம் இல்லை என்று நம் பிள்ளைகள் நடுவில் நிற்கின்றனர். மக்தபின் மாடி அறை ஞாயிறு காலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டால், நம் ஆங்கிலப் பட்டதாரிகள் முறைவைத்து மஹல்லாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். ஒருவர் நடத்த, மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் திட்டமும், அதில் நடந்ததும் ஒரு பதிவேட்டில் எழுதப்படட்டும். அது ஊதியமுள்ள பணிக்கு நிகராகாது. எனினும் நேர்காணலில் சொல்ல உண்மையான நிகழ்வுகள் அவர்கள் கையில் இருக்கும். மின்விசிறி இரண்டும் கரும்பலகை ஒன்றும் போதும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதனைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.