மரபணுவுக்கு உடையவர் யாவர்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலத்துக்குப் பட்டா உண்டு; வீட்டுக்குப் பத்திரம் உண்டு. முன்னோர்பால் பெற்று நம் உடலினுள் வைத்திருக்கும் மரபணுவுக்கு அயலான் ஒருவன் காப்புரிமை பெறுதல் கூடுமோ? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டு அது கூடியே வந்தது.

பெண்டிர்க்கு மார்பிலும் சினைப்பையிலும் தோன்றும் புற்றுநோய் சில குடும்பங்களில் வழிவழித் தொடர்வதுண்டு. அதற்கு ஏதுவாகிய மரபணுவொன்று 17-ஆம் குரோமோசோமில் உளதென 1990-இல் மேரி கிளேர் கிங் என்னும் பெண்மணி காட்டினார். 1994-இல் யூட்டா பல்கலைக்கழகத்தாரோடு கூடி உழைத்த மிரியட் கம்பெனியார் அதனைப் பிரித்தெடுத்தனர். அதற்கும், பின்னர் அதனை ஒத்த மற்றொன்றுக்கும் காப்புரிமை பெற்றனர். பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்பன அவற்றின் பெயர்கள். அதன்பின் அந்நாட்டில் அம்மரபணுக்களை முழுதும் சோதிக்க விழைந்த பெண் அவர்களிடமே செல்லல் வேண்டும்; கட்டணமோ மூவாயிரம் டாலருக்கு மேல். சினைப்பையை அறுத்தெடுப்பதோ விடுவதோ என்று கலங்குவாள் ஒருத்தி, அம்முடிவு மெய்தானா எனப் பிறிதோர் ஆய்வுச்சாலையில் கேட்டறியவும் வழியில்லை. கம்பெனியார் பொருளும் உழைப்பும் செலவிட்டனர் என்பதை யான் மறுக்கின்றிலேன். பொதுமக்கள் வரிப்பணமும் அவ்வாராய்ச்சியில் கலந்திருந்தது என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

மருத்துவரும் ஆய்வாளரும் நோய்க்கஞ்சிய பெண்டிரும் 2009-இல் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் பெரும்பகுதி மாறிற்று. 2013 ஜூன் 13-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து, இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்த அளவில் அது புதுப்படைப்பு ஆகாது என்றனர். ஆய்வுச்சாலையில் இடைப்பகுதிகள் நீங்கச் செய்த படியாகிய சி.டி.என்.ஏ.வுக்கு மட்டும் காப்புரிமை தகும் என்றனர். முத்துக் குளிப்பவன் தான் எடுத்த முத்துக்கு உடையவன். கடலிற் கிடக்கும் முத்துக்கெல்லாம் உடையவன் ஆகான். தீர்ப்பு வந்த அன்றே வேறு ஆய்வுச்சாலையார் தாமும் அச்சோதனை செய்வதாக அறிவித்தனர்.

இனி நம் சங்கத்தார்க்கு இயைந்ததொன்று. தமக்குள்ளேயே மணஞ்செய்து வந்த அஷ்கெனாசி யூதரில் 40-இல் ஒருவரிடம் இம்மரபணுக்களின் பழுது காணப்படுகின்றது. பொதுமக்களில் அஃது அரிது. குருதித் தூய்மை என நாம் மேடைதோறும் பாராட்டுவதன் மறுபக்கமும் இதுவே. நாமும் அகமண வழக்கினரே; நம்மை இங்ஙனம் எண்ணிப் பார்த்தார் உளரோ, அறியேன்.

இப்பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரும். ஆயினும் மகளுக்கு வரன் வாராதென அஞ்சி, அத்தை இறந்தது வயிற்றுவலியால் என்று கூறும் வீடுகளை யான் கண்டிருக்கின்றேன். மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போதும் அப்பெண் அதையே சொல்லுகின்றாள். அவள் அறிந்தது அவ்வளவே.