பெரியவர்களுக்கும் உண்டு அந்தத் தடுப்பூசி



சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வரும் ஐம்பது வயதுக்காரரிடம், "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், "அது கொழந்தைங்களுக்குப் போடறதுதானே டாக்டர்?" என்பார். இன்னொருவர், "எனக்குச் சின்ன வயசிலேயே மஞ்சள் காமாலை வந்து போயிடுச்சு, இனிமே வராது" என்பார். இந்த இரண்டு பதில்களும் பலரைத் தடுப்பூசியிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன.

குழந்தைகளுக்கு இன்று பிறந்த 24 மணி நேரத்துக்குள் இதைப் போடுகிறார்கள். ஆனால் 2002இல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய இந்த அரசுத் திட்டம், 2011இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலையும் நம் கைக்கு எட்டியது. இன்று முப்பதைத் தாண்டியவர்களில், தனியாரிடமோ முகாமிலோ போட்டுக்கொண்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு.

இனி, காமாலைக்கு வருவோம். கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீரால் வருவது பெரும்பாலும் ஏ, இ வகை ஹெபடைடிஸ். பி வகை ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுகிறது, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வருகிறது. ஏ வகை வந்து போனவருக்கு பி வராது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பி தொற்று உள்ள பலருக்குக் காமாலையே வருவதில்லை. கல்லீரலில் இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சிரோசிஸாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுவதும் உண்டு. 2022 நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது.

"கீழாநெல்லி இருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை ஆய்வாளர்கள் இதை முறையாகவே சோதித்து, 1988இல் 'லான்செட்' இதழில் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கேற்றார். ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்தச் சமயத்தில் என்ன மருந்து குடித்தோமோ, அதற்கே பெயர் போய்ச் சேர்கிறது. பி வகையை வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கும்போது, கீழாநெல்லியை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், தொற்று உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, அந்த வீட்டில் உள்ளவர்கள், மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். இந்த வைரஸ் உடலுக்கு வெளியே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். ரேசரையும், சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசியையும் பகிரவே கூடாது. ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது. தொற்று உள்ளவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது மருத்துவர்களாகிய எங்களுக்கு எளிது. ஓபி சீட்டில் ரத்த அழுத்தத்தை எழுதுகிறோம், எடையை எழுதுகிறோம். பெரியவர் ஒருவருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று எத்தனை இடங்களில் கேட்கிறோம்? கேட்காத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

முதலில் ஒரு சிறு ரத்தப் பரிசோதனை. தொற்று ஏற்கெனவே இருந்தால் ஊசியால் பயனில்லை. கட்டுப்படுத்த நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தொற்று இல்லையென்றால் மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அளவு கூடும். ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஈஸ்ட் உயிரணுக்களில் வளர்த்தெடுத்த ஒரு புரதம் மட்டுமே.

இரண்டு ஊசியோடு நின்றுவிடுபவர்கள் ஏராளம். நாள் தவறிவிட்டதே, இனி முதலிலிருந்தா என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணம். அப்படியில்லை. ஒரு வருடம் தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து மூன்றாவதைப் போட்டுக்கொள்ளலாம். பழைய சீட்டு கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.