பகையைக் கொண்டே பகைவென்ற பப்பாளி



தெனிசு கொன்சால்வசு என்னும் ஆய்வாளர் அவாய்த் தீவிற் பிறந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிலைத்திணை நோய்களை ஆய்ந்தவர். அவர்தம் உழைப்பே இன்றைய உரைப்பொருள்.

பப்பாளியைத் தாக்கும் வளையப்புள்ளி நச்சுயிரியைச் செடிப்பேன்கள் மரத்துக்கு மரம் பரப்புகின்றன. நோயுற்ற மரத்தை வெட்டி வீழ்த்துவதன்றி வேறு வழியில்லை. 1950களில் ஒவாகுத் தீவின் தோட்டங்களைச் சிதைத்த அந்நோய், 1992-இல் அவாய்த் தீவுகளின் பப்பாளியிற் பெரும்பங்கை விளைத்த பூனா வட்டாரத்துள்ளும் புகுந்தது. உழவர் கலங்கினர்.

நல்லவேளை, ஆய்வு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நச்சுயிரியின் மேலுறைக்குரிய மரபணுவை நுண்ணிய மாழைத் துகள்களிற் பூசிப் பப்பாளியின் இளங்கருக்களுள் செலுத்தினர். அக்கருக்களை ஊட்டக் கூழில் வளர்த்து முழுச் செடிகளாக்கியவர் மொரீன் பிட்சு என்னும் அம்மையார். மரபணுவைப் புகுத்தியதையே பலரும் வியப்பர். எனக்கோ, ஒரு துளிக் கருவைக் குடுவையுள் வேர்விடச் செய்த பொறுமையே பெரிதாகத் தோன்றுகிறது! அம்மரபணு உள்ளிருப்பதால், நுழையும் நச்சுயிரியின் மரபுச் செய்தியை மரமே இனங்கண்டு சிதைக்கிறது.

இம்முறைகளுக்குக் காப்புரிமை கொண்டிருந்தோரிடம் இசைவு பெற்ற பின்னரே, 1998 மே மாதத்தில் விதைகள் உழவர்க்கு வழங்கப்பட்டன. விலையின்றி வழங்கப்பட்டன என்பதை உன்னுக! தோட்டங்கள் மீண்டன. ஆயினும், அவாய்ப் பழத்தைப் பெரிதும் வாங்கிவந்த சப்பான் நாடு இப்புதுப் பழத்துக்கு இசைவளித்தது 2011-இல்தான்.