வீடுகள் விற்கவில்லை, தோட்டம் நிலைத்தது

(நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஸ்பெயினில் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசச் சொன்னார்கள். பார்சிலோனா நகரின் பார்க் குவெல் பூங்காவைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டுச் சில்லுகள் பதித்த பல்லி சிற்பத்தையும், பாம்புபோல் வளைந்து செல்லும் நீண்ட இருக்கையையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால், அது பூங்காவாகத் தொடங்கிய இடமல்ல. மனை போட்டு விற்கத் தொடங்கிய குடியிருப்புத் திட்டம்.

1900இல் எவுசேபி குவெல் என்ற தொழிலதிபர், மரம் குறைந்த ஒரு குன்றில் சுமார் 60 மனைகள் திட்டமிட்டார். வடிவமைக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஆன்டோனி கௌடிக்கு. சுற்றுச்சுவர், வாயிலில் காவலாளிக்கு வீடு, உள்ளே சாலைகள் எல்லாம் தயாராயின. நிபந்தனைகளும் இருந்தன. மனையில் ஆறில் ஒரு பங்கில்தான் வீடு கட்டலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் வெயிலையும், தெரியும் கடலையும் மறைக்கக் கூடாது.

திட்டம் படுத்துவிட்டது. அங்கே போய்வரச் சரியான வண்டி வசதி இல்லை, ஒப்பந்தமும் சிக்கலானது. 60 மனைகளில் எழுந்தவை இரண்டே வீடுகள். ஒன்று ஒரு வழக்கறிஞருடையது. மற்றொன்று, வாங்குபவர்களுக்குக் காட்டக் கட்டிய மாதிரி வீடு. அதில் 1906இல் கௌடியே தந்தையோடும் சகோதரி மகளோடும் குடியேறினார். 1914இல் வேலை நின்றது. 1918இல் குவெல் காலமானார். 1922இல் மாநகராட்சி இடத்தை வாங்கி, 1926இல் பொதுப் பூங்காவாகத் திறந்தது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று உலகமே போய்ப் பார்ப்பது எவற்றை? எல்லாருக்கும் பொதுவாகக் கட்டிய பகுதிகளைத்தான். குடியிருப்போரின் சந்தைக்காக 86 தூண்கள் கொண்ட ஒரு மண்டபம். அதன் கூரைதான் மேலே இருக்கும் திறந்தவெளித் திடல். திடலுக்குத் தளம் பாவவில்லை, வெறும் மண்தான். விழும் மழைநீர் மண்ணில் வடிகட்டப்பட்டு, தூண்களின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள தொட்டியில் சேரும். கொள்ளளவு 12 லட்சம் லிட்டர். நம் கணக்கில் 12,000 லிட்டர் லாரி நூறு! தோட்டத்துக்குப் பாய்ச்ச அந்த நீர். குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல், அங்கேயே தோண்டிய கல்லால் மேம்பாலப் பாதைகள் கட்டினார்கள். அழகான அந்த இருக்கையில் பதித்திருப்பவையும் உடைந்த ஓடுகள்தான்.

பொதுவாகிவிட்டதால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கூட்டம் பெருகிப் பக்கத்துத் தெருக்காரர்கள் திணறினார்கள். 2013 முதல் முக்கியப் பகுதிக்கு நுழைவுச்சீட்டும், மணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வந்தன. அக்கம்பக்கத்தாருக்குக் கட்டணம் கிடையாது. அங்கே ஓடும் 116ஆம் எண் சிறு பேருந்தில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்து, ஊர்ப் பெரியவர்கள் ஏற முடியாமல் போனது. அவர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2024இல் அந்தத் தடம் கூகுள் வரைபடத்திலிருந்தே நீக்கப்பட்டது.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே இணையத்தில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்துவிடுங்கள். அந்தச் சிறு பேருந்தை உள்ளூர்க்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். வால்கார்கா மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தால், செங்குத்தான தெருவில் திறந்தவெளி நகரும் படிகள் உண்டு. இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் டாக்ஸி பிடிப்பது நல்லது.

நம் கூட்டங்களில் பொது இடம் என்றாலே முதலில் செலவுக் கணக்குதான் வருகிறது. அது தேவைதான். ஆனால், குவெலின் மனைகள் விலை போகவில்லை. தொட்டியும் திடலும் நிழலும் நூறு ஆண்டாக ஊருக்குப் பயன்படுகின்றன. அவற்றை முதலிலேயே ஒழுங்காகக் கட்டினார்கள். யார், எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று இன்றும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். நம் பொது இடங்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும்.