குதிரை விழுமா, நிற்குமா?
பழைய ரிவால்வர்கள் சொல்லும் ஒரு பொறியியல் பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா தூங்க வச்சிராதே" என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். பயப்படாதீர்கள், பேச்சில் மட்டும்!

கங்கைகொண்டானிலிருந்து ரயிலில் வடக்கே போனால் நாரைக்கிணறு, அதை விட்டால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அங்கேதான். அது ரிவால்வர் என்றே நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையில் அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ரிவால்வர் என்றால் குண்டுகள் ஒரு சுழலும் உருளைக்குள் இருக்கும். பின்னால் நிற்கும் ஹாமர் முன்னே பாய்ந்து குண்டின் அடியைத் தட்டும். இந்த ஹாமரை நம்ம ஊர்ப் பெரியவர்கள் 'குதிரை' என்பார்கள். அழகான பெயர். ஆனால் கட்டு அறுந்தால் குதிரை ஓடிவிடும் அல்லவா? இன்றைய பேச்சு அந்தக் கட்டைப் பற்றித்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பழைய ரிவால்வர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. மேஜை உயரம், அதாவது ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால் சுமார் 10 ஜூல் ஆற்றல். குண்டின் அடியில் இருக்கும் மருந்துக் கிண்ணம் வெடிக்க ஒரு ஜூல்கூட வேண்டாம். குதிரை குண்டின் மேல் சாய்ந்திருக்கும்போது துப்பாக்கி குதிரைப் பக்கமாகத் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் இதே ஆபத்து இருந்தது. குதிரையைச் சற்றுப் பின்னால் நிறுத்த ஒரு மெல்லிய பள்ளம் வைத்திருந்தார்கள். பலமான அடி பட்டால் அதன் விளிம்பு உடைந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் குண்டு போட்டு, காலி அறையின் மேல் குதிரையை இறக்கி வைத்தார்கள். பாதுகாப்பு முழுக்க மனிதனின் ஞாபகத்தில் தொங்கியது.

பிறகு 'ஹாமர் பிளாக்' வந்தது. குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு தடை அது. டிரிகரை இழுத்தால் மட்டும் விலகும். ஆனால் 1944-இல், அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். தடை இருந்தும் வேலை செய்யவில்லை. பழைய தடை ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை நம்பியிருந்தது. கெட்டிப்பட்ட கிரீஸ் அதைப் பிடித்துக்கொண்டால் போச்சு. கம்பெனி உடனே வடிவமைப்பை மாற்றியது. டிரிகர் திரும்பும்போது உள்ளே நகரும் பாகமே தடையைத் தள்ளி இடத்தில் நிறுத்தும்படி செய்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. என்ஃபீல்டு .38 ரிவால்வரில், 1942-இல், உற்பத்தியை வேகப்படுத்த வேண்டும் என்று குதிரையைத் தடுக்கும் பாகத்தையே எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி நன்றாகத்தான் சுட்டது. கீழே விழுந்தால்தான் நம்ப முடியாது. போர் முடிந்தபின் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி, அந்தப் பாகத்தை மறுபடி பொருத்தினார்கள். "இந்த ஒரு பார்ட் இல்லாமலும் மெஷின் ஓடுதே சார்" என்று உற்பத்திப் பிரிவு சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த என்ஃபீல்டு ஞாபகம் வரும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் லைசென்ஸ் பெற்ற ரிவால்வர், அலமாரியில் வைக்கும்போது கைதவறி விழுந்து வெடித்தது. முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினார்.

நம்ம பக்கத்திலும் ஒன்று நடந்தது. கங்கைகொண்டான் பக்கம் உறவில் ஒரு பெரியப்பா. அவர் தகப்பனார் காலத்து ரிவால்வர், லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. கோயில் கொடைக்குப் போயிருந்தபோது கூப்பிட்டார். "ஏல, நீ மெக்கானிக்கல் படிச்சவன்தானல? இந்தக் குதிரைய இழுத்து நிறுத்துனா தானா விழுந்துருது. அரத்தால லேசா ராவி விட்டா சரியாப் போவும்லா?"

"பெரியப்பா, இத நான் தொடக்கூடாது. சட்டமும் விடாது. மொதல்ல குண்டெல்லாம் எடுத்துருங்க" என்றேன். அந்த அறையில்தான் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆர்மரர் ஒருவரிடம் பெரியப்பா கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். குண்டு இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு அவர் மூன்று சோதனை செய்தார். ஒன்று, குதிரையை இழுத்து நிறுத்தி, பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தினார். விழக்கூடாது, விழுந்தது. இரண்டு, டிரிகரை விட்டபின் குதிரையை முன்னே அழுத்தினார். ஊசிமுனை வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. மூன்று, டிரிகரை மெல்ல இழுத்து மெல்ல விட்டார். அது தானாகத் துள்ளி இடத்துக்கு வர வேண்டும். பாதியில் சோம்பி நின்றால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கழுவினால், ஸ்பிரிங் மாற்றினால் அது சரியாகும்.

முதல் கோளாறுதான் பெரியது. குதிரையின் பள்ளமும் டிரிகரின் நுனியும் ஒன்றையொன்று பிடிக்கும் இடத்தை எப்போதோ யாரோ 'டிரிகர் லேசாக இருக்கட்டும்' என்று ராவியிருக்கிறார்கள். மாணவர்களே, மெட்டலர்ஜி வகுப்பில் 'கேஸ் ஹார்டனிங்' படித்திருப்பீர்கள். மேல்தோல் மட்டும் கடினம், உள்ளே மிருதுவான இரும்பு. தோலை ராவிவிட்டால் மிருதுவான இரும்பு சீக்கிரம் தேயும். இதற்கு மேலும் ராவுவது வைத்தியமே இல்லை. அசல் பாகத்தை மாற்றுவதுதான் வைத்தியம். அசல் பாகம் கிடைக்கவில்லை. "இனி இதில் குண்டு போடாதீர்கள்" என்றார் ஆர்மரர். பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பா வச்சிருந்தது..." என்று ஒரு வார்த்தை. அடுத்த வாரம் முறைப்படி ஒப்படைத்துவிட்டார். தகப்பனார் சொத்தாக வந்தாலும், லைசென்ஸ் இல்லாத வாரிசு அதை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். ஹாமர் பிளாக் உடைந்தால் துப்பாக்கி வழக்கம்போல் சுடும். ஆபத்து வெளியே தெரியாது. 'டிரான்ஸ்ஃபர் பார்' என்ற இன்னொரு ஏற்பாடு உண்டு. இதில் குதிரை ஊசியைத் தொடவே தொடாது. டிரிகரை இழுத்தால்தான் ஒரு சட்டம் மேலேறி, குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்தும். அந்தச் சட்டம் உடைந்தால் துப்பாக்கி சுடாது, அவ்வளவுதான். ரூகர் கம்பெனி 1973-இல் தன் ரிவால்வர்களை இப்படி மாற்றியது. அதற்கு முன் விற்ற பழையவற்றுக்கும் பிற்பாடு இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

நம்ம ரயில்வேயின் பழைய கைகாட்டியும் இதே தத்துவம்தான். கம்பி அறுந்தால் எதிர் எடை இழுத்து, கை 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும். கெட்டுப்போகும்போதும் நல்ல பக்கமாகக் கெட வேண்டும்!

நீங்கள் நாளை வடிவமைக்கப்போவது பிரஸ்ஸோ, லிஃப்டோ, பாய்லரோ, எதுவானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பாகம் உடைந்தால் மெஷின் நிற்குமா, ஓடுமா?" ஓடும் என்று பதில் வந்தால் திரும்பவும் வரைபலகைக்குப் போங்கள். ஒரு பாகத்தை எடுத்துவிடச் சொன்னால், அது ஏன் வைக்கப்பட்டது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.