உண்டியல் குலுங்கட்டும்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சந்தவாசல் நெசவாளர் பெருமக்களே, ஆரணியிலிருந்தும் படவேட்டிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே!

“இடதுசாரி இயக்கங்கள் நிதி திரட்ட உகந்த வழி உண்டியலா, கிரிப்டோவா?” இதுதான் தலைப்பு. உண்டியலே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பேசிய எதிரணித் தம்பி கேட்டார்: “உலகம் எங்கேயோ போய்விட்டது, நீங்கள் இன்னும் தகர டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்களே?” ஆமாம் தம்பி, நிற்கிறோம். அந்த டப்பாவைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். வாய் மூடி, சிவப்புத் துணி சுற்றி, முத்திரை வைத்திருக்கும். கூடவே ஒரு ரசீது புத்தகம். தாளுக்குத் தாள் எண் உண்டு. கிழித்துக் கொடுத்தால் அடிக்கட்டை மிஞ்சும். சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வந்த ஒரு அம்மா ஐம்பது ரூபாயைக் கையில் எடுக்கிறார். கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறார்: “ஏம்பா, போன மழையில தறிக்குழியில தண்ணி நின்னுச்சே, அப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே?” வசூலுக்குப் போனவர் அங்கேயே நின்று பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால் அடுத்த மழைக்காவது வந்து தண்ணீர் இறைத்தாக வேண்டும். நடுவர் அவர்களே, அந்த ஐம்பது ரூபாயைவிட அந்தக் கேள்விதான் கட்சிக்குப் பெரிய வரவு. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயம் அனுப்புகிறவர் எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பாரா?

அடுத்து வந்த அம்மையார் கனமான வாதம் வைத்தார். 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எல்லாம் சேர்ந்து, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்குப் போகும் நன்கொடையை அடைத்தன. 2011 ஜூனில் அது பிட்காயின் வாங்கத் தொடங்கிப் பிழைத்தது என்றார். 2024 ஏப்ரலில் திருச்சூர் மாவட்ட மார்க்சிஸ்ட் கட்சியின் வங்கிக் கணக்கை வருமான வரித்துறை முடக்கியதையும் நினைவூட்டினார். இரண்டும் உண்மை. ஆனால் விக்கிலீக்ஸுக்குக் கிளை கிடையாது, வார்டு கிடையாது, யாரிடமும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியதும் கிடையாது. ஓட்டுக் கேட்கும் கட்சிக்கு அந்த வழி எப்படிப் பொருந்தும்?

சரி, கிரிப்டோவுக்கு மாறினால் அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருக்கலாமா? 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை முதல் கைமாறும்போது 1 சதவீதம் பிடித்தம். 2023 மார்ச் முதல் கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ரூபாயாக மாற்ற அந்த வாசலுக்குப் போனால் பான் எண் கேட்பார்கள். ஆக, யார் கொடுத்தார் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கப்போவது கட்சியின் சாதாரண உறுப்பினருக்குத்தான்!

“பிளாக்செயின் என்ற கிரிப்டோ பேரேட்டில் எல்லாக் கணக்கும் வெளிப்படை” என்றார்கள் எதிரணியினர். எண் தெரியும் ஐயா, ஆள் தெரியுமா? இந்த நாட்டில் இதே கேள்விக்காக ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாமலேயே ஸ்டேட் வங்கி வழியாக 16,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனையானது. அதை வாங்க மாட்டோம் என்று சொன்ன மார்க்சிஸ்ட் கட்சி, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியும் ஏறியது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது, வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. பெயர் தெரியாத பணத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் வென்ற இயக்கம், பெயர் தெரியாத பணத்துக்குத் தன் வீட்டிலேயே கதவு திறந்து வைக்கலாமா?

எதிரணியினர் ஒரு குத்து விட்டார்கள்: “2019 தேர்தலில் தி.மு.க.விடமிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி வந்ததே, அது எந்த உண்டியலில் விழுந்தது?” நியாயமான கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் எப்படிக் கேட்க முடிந்தது? தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கில் எழுதியிருந்ததால் கேட்க முடிந்தது. அதுவே ஒரு கிரிப்டோ வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்குப் போயிருந்தால் இன்று இந்த மேடையில் அந்தக் குத்து விழுந்திருக்குமா? எங்கள் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்று. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் 17,000 டாலருக்கும் கீழே போனது. கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திப் போராடும் குடும்பங்களுக்கு அரிசி வாங்க வைத்த நிதி கால் பங்காகிப் போனால், அடுப்பு எரியாத வீட்டில் போய் யார் பதில் சொல்வது? 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனத்திலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. பணம் போட்டவர்கள் ஓராண்டுக்கு மேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். போராட்ட நிதிக்கு அவ்வளவு நாள் பொறுக்குமா?

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவைப் பற்றி இயக்கத்து மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள்: மடியில் கட்சி நிதி மூட்டையாக இருக்க, அவர் ரயில் நிலையத்தில் பசியோடு படுத்திருந்தார், தொழிலாளி கொடுத்த காசு என்று அதைத் தொடவில்லை. யார் வியர்வை அது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் வந்த கட்டுப்பாடு அது. 1937இல் அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய ‘ஜனசக்தி’யும், பின்னால் வந்த ‘தீக்கதிர்’ நாளேடும் வீடு வீடாகச் சந்தா சேர்த்து வளர்ந்தவை. உறுப்பினர் வருமானத்தில் தரும் லெவி, தெருவில் துண்டேந்தும் வசூல், கிளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எண்ணப்படும் சில்லறை: இவைதான் அந்த இயக்கத்தை ஜனங்களோடு கட்டிவைத்திருக்கின்றன. பணம் அதிகம் வரும் என்பதற்காக அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால், கஜானா நிறையும், கட்சி இருக்காது.

நடுவர் அவர்களே, உழைப்பவர் கட்சிக்கு உழைப்பவர் காசே சொத்து, அவர் கேள்வியே காவல். இரண்டையும் சேர்த்துத் தருவது உண்டியல் ஒன்றுதான்; தீர்ப்பை அதன் பக்கம் தாருங்கள். சந்தவாசல் மக்களே, உங்கள் வாசலுக்கு எந்தக் கட்சி வந்தாலும் ரசீது கேளுங்கள், கணக்குக் கேளுங்கள். கணக்குச் சொல்லாதவர்களுக்குக் காசும் கொடுக்காதீர்கள், ஓட்டும் போடாதீர்கள்.