மூக்கிழந்த ஸஹாபியும் உதடு பிளந்த மழலையும்



சில வருடங்களுக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியேறிய என்னைச் சகோதரர் ஒருவர் வழிமறித்தார். உதடும் அண்ணமும் பிளந்த நிலையில் பிறந்த அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது கடந்திருந்தது. "சத்திரசிகிச்சைக்கு வைத்தியர் நாள் குறித்துத் தந்தார் மௌலவி. நாங்கள் போகவில்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் குத்பாவில் நீங்கள் கண்டித்தீர்களே, அதைக் கேட்ட பிறகு பிள்ளையின் உம்மும்மா சம்மதிக்கவில்லை" என்றார்.

நான் திகைத்து நின்றேன். அன்று நான் கண்டித்தது, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவது போன்ற செயல்களையே. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வாயிலாக புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவான அந்த எச்சரிக்கை, அழகை நாடிச் செய்வோரைக் குறித்தே வந்துள்ளது. அதை விளக்காமல் மிம்பரைவிட்டு இறங்கியது என் தவறு. நான் அரைகுறையாகச் சொன்னதற்கு ஒரு மழலை விலை கொடுத்தது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய சம்பவம் ஒன்றுண்டு. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் யுத்தத்தில் மூக்கை இழந்தவர் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள். வெள்ளியினால் மூக்கொன்று செய்து அணிந்தார்கள். அதில் துர்நாற்றம் வீசியது. தங்கத்தினால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டதல்லவா? ஒரு மனிதரின் சிதைந்த முகத்துக்காக அந்தத் தடையே தளர்ந்தது. இது கழா கத்ர், பொறுத்துக்கொள் என்று அவரை நபியவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமியும் இவ்வாறே தீர்மானித்தது. உதட்டுப் பிளவு போன்ற பிறவிக் குறைகளையும், தீக்காயம், விபத்து ஆகியவற்றின் வடுக்களையும் சீர்செய்வது ஆகுமானது. மனோ இச்சைக்காகவும் பிறரைப் போலத் தோன்றுவதற்காகவும் இயல்பான முகத்தை மாற்றுவது ஆகுமானதல்ல.

'பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை' என்ற பெயரே நம்மவர் பலரை மிரட்டுகிறது. முகத்தில் பிளாஸ்டிக்கை ஒட்டுவார்கள் என்றே நினைக்கின்றனர். உருவமைத்தல் எனும் கருத்துடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலும் தசையும் எலும்புமே பயன்படுகின்றன. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு, 1917 முதல் இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் ஹரல்ட் கில்லீஸ் என்ற வைத்தியர் செய்த பணியால் இத்துறை பெரிதும் வளர்ந்தது. நமது கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் பிள்ளையின் உதடு பிளந்தது என்போரும் நம்மிடையே உள்ளனர். நபியவர்களின் மகன் இப்றாஹீம் மறைந்த தினத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, இரண்டையும் முடிச்சுப் போட்ட மக்களை நபியவர்கள் திருத்தினார்கள். அந்த உம்மத்தில் பிறந்த நாம் ஒரு தாயின் மீது இப்பழியைச் சுமத்தலாமா?

பெற்றோர்களே! உதட்டுப் பிளவைப் பொதுவாக முதல் வருடத்திலும், அண்ணப் பிளவைப் பதினெட்டு மாதங்களுக்குள்ளும் சீர்செய்கின்றனர். தாமதித்தால் பேச்சுத் தெளிவு பாதிக்கப்படும்.

இளைஞர்களே, யுவதிகளே! நேரான மூக்கை இன்னும் கூர்மையாக்கவும், உதட்டைத் தடிப்பாக்கவும் ஆசைப்படுவோரிடம் எனக்குக் கோபத்தைவிட அனுதாபமே அதிகம். பெண் பார்க்கச் சென்று, "நிறம் கொஞ்சம் மட்டு, மூக்கு சப்பை" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற நாமல்லவா அந்த ஆசையை விதைத்தோம்! பாதரசம் கலந்த வெண்மையாக்கும் களிம்புகளைப் பூசிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளையை மட்டும் குறைசொல்வது நீதியாகுமா? அல்லாஹ் சீராகப் படைத்த முகத்தைப் பழிக்கும் நாவுதான் முதலில் தௌபா செய்யவேண்டும்.

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு அன்று மாலையே சென்று, அர்ஃபஜா (ரழி) அவர்களின் சம்பவத்தை உம்மும்மாவிடம் கூறினேன். அவர் நீண்ட நேரம் அழுதார். மறுவாரமே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அண்ணம் பிளந்திருந்தால் 'ப' எனும் ஒலி மூக்கு வழியே கசிந்துவிடுமாம். தகப்பனை "வாம்மா" என்றே அழைத்து வந்த பிள்ளை, சத்திரசிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் பயின்று "வாப்பா" என்றது. தாமதத்தின் காரணமாகச் சில எழுத்துகள் இன்னும் சரியாக வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு இப்போதும் சென்று வருகிறார்கள்.